கொடி பனாமாவுக்கு, பாக்கி மாலுமிக்கு

2021 ஜனவரியில், ஐக்கிய அரபு அமீரகத்தின் உம் அல் குவைன் கடற்கரையில் 'இபா' என்ற எண்ணெய்க் கப்பல் நங்கூரச் சங்கிலி அறுந்து தரைதட்டியது. உள்ளே இந்தியர் உட்பட ஐந்து மாலுமிகள். இரண்டரை ஆண்டுக்கும் மேலாகச் சம்பளம் கிடையாது. ஊருக்குப் போயிருக்கலாமே என்று கேட்கத் தோன்றும். இறங்கிவிட்டால் பாக்கி கைக்கு வராது என்ற பயம். கடனுக்கு ஈடாக அவர்கள் பிடித்துவைத்திருந்தது அந்தக் கப்பலை மட்டும்தான்.

அதில் பறந்தது பனாமா கொடி. கப்பல் எந்த நாட்டில் பதிவோ, அந்த நாட்டுக் கொடி, அந்த நாட்டுச் சட்டம். 1922-இல், அமெரிக்காவில் மதுவிலக்கு இருந்தபோது, பயணிகளுக்கு மது பரிமாறுவதற்காக இரண்டு அமெரிக்கக் கப்பல்கள் பனாமா கொடிக்கு மாறின. பிறகு வரிக்கும் தொழிலாளர் சட்டத்துக்கும் தப்ப நினைத்த முதலாளிகளுக்கு அதுவே ராஜபாட்டையானது. இன்று பனாமா, லைபீரியா, மார்ஷல் தீவுகள் மூன்றும்தான் உலகின் மிகப் பெரிய கப்பல் பதிவேடுகள். லைபீரியப் பதிவேடு நடத்தப்படுவது அமெரிக்காவின் வர்ஜீனியாவிலிருந்து. கடலே இல்லாத மங்கோலியாவுக்கும் ஒரு பதிவேடு உண்டு.

1982-இன் ஐ.நா. கடல் சட்ட உடன்படிக்கை, கப்பலுக்கும் கொடி நாட்டுக்கும் 'மெய்யான தொடர்பு' வேண்டும் என்கிறது. அது எது என்று சொல்லவில்லை. அதை வரையறுக்க 1986-இல் எழுதப்பட்ட ஒப்பந்தம், தேவையான 40 நாடுகள் சேராமல் இன்றும் காகிதத்தில் கிடக்கிறது.

ஓட்டையை அடைக்காமல் போட்ட ஒட்டுதான் 2006-இன் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை. கைவிடப்பட்ட மாலுமியை ஊருக்கு அனுப்பும் செலவுக்கும் நான்கு மாதச் சம்பளத்துக்கும் 2017 முதல் காப்பீடு கட்டாயம். நல்ல ஒட்டுதான். ஆனால் முப்பது மாத பாக்கி உள்ளவருக்கு மீதி இருபத்தாறு மாதத்தை யார் தருவார்? துருப்பிடித்த கப்பல் ஏலம் போகும்வரை அவர் கோர்ட் படியேற வேண்டும்.

2024-இல் 312 கப்பல்களில் 3,133 பேர் கைவிடப்பட்டதாக சர்வதேசப் போக்குவரத்துத் தொழிலாளர் சம்மேளனம் கணக்கிட்டது. அவர்களில் இந்தியரே அதிகம்: 899 பேர்.

கட்டணத்துக்காகக் கப்பல்களைப் போட்டிபோட்டு அழைக்கும் கொடி நாடுகள் தாமாகக் கடுமை காட்டப்போவதில்லை. ஆளை அனுப்பும் நாடு காட்டலாம். இந்தியாவில் மாலுமிகளை அனுப்பும் ஏஜென்ட்டுக்குக் கப்பல் துறைத் தலைமை இயக்குநரகத்தின் உரிமம் வேண்டும். முதலாளி மறைந்தால் முழு பாக்கிக்கும் அந்த ஏஜென்ட்டே பொறுப்பு என்று உரிமத்திலேயே எழுத அரசுக்கு என்ன தடை? அதுவரை, பிள்ளையைக் கப்பலுக்கு அனுப்பும் பெற்றோரே, பணம் கட்டுமுன் அந்த உரிம எண்ணைக் கேட்டுச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.