வெந்தது போதும்

போன வாரம் வீட்டுக்கு வந்திருந்த பெரியப்பா, தட்டில் வைத்த போர்க் சாப்பை நடுவில் கீறிப் பார்த்தார். "ஏப்பா, உள்ள ரோஸ் கலரா இருக்கே. திரும்ப ஓவனுக்குள்ள வைப்பா." வைத்தேன். கால் மணி நேரம் கழித்து வெளியே வந்ததை வெட்ட, கத்தியைப் பிடித்த கை வலித்தது. "இப்பதான் வெந்திருக்கு" என்று நிம்மதியாகச் சொல்லி, வாய்க்கொரு மடக்குத் தண்ணீரோடு அதை விழுங்கி முடித்தார். பக்கத்தில் அவரே கேட்டு வாங்கிய வெள்ளரிக்காய், பச்சை வெங்காயம், மேலே தூவிய பச்சைக் கொத்தமல்லி. அதில் எதையும் அவர் கீறிப் பார்க்கவில்லை.

வெள்ளை வெளேரென்று ஆகும்வரை வேகவைக்காத பன்றிக்கறி மூளைக்குப் புழுவை அனுப்பும் என்பது நம் ஊரில் படித்தவர், படிக்காதவர், எம்.பி.பி.எஸ். முடித்த மாப்பிள்ளை என எல்லோரும் கைகோத்து நிற்கும் நம்பிக்கை. காவிரி விஷயத்தில்கூட இத்தனை ஒற்றுமையை நான் பார்த்ததில்லை.

நியூயார்க்கில் நடந்ததைச் சொல்கிறேன். 1990-களின் தொடக்கத்தில் அங்கே வைதிக யூதச் சமூகத்தைச் சேர்ந்த நான்கு பேருக்கு வலிப்பு வந்தது. சோதித்தால், மூளையில் பன்றி நாடாப்புழுவின் நீர்க்கட்டி. பன்றிக்கறியைத் தொடுவதே பாவம் என்று வாழ்கிறவர்கள்! 1992-இல் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதை விவரமாக வெளியிட்டது. நோய் வந்த வழி பன்றி அல்ல, மனிதக் கை. அரைவேக்காட்டுக் கறியிலிருந்து வருவது குடலில் வளரும் நாடாப்புழு. மூளைக்குக் கேடு தருவது அந்தப் புழுவின் முட்டை. அது மனித மலத்தோடு வெளியேறி, கழுவாத கையிலோ, கழிவுநீர் பாய்ந்த தோட்டத்துக் கீரையிலோ ஒட்டிக்கொண்டு வாய்க்குள் போகிறது. ஆக, என் வீட்டு மேஜையில் சந்தேகப்பட்டிருக்க வேண்டியது கொத்தமல்லியை.

இதைச் சொன்னால், "எதுக்கு ரிஸ்க்கு?" என்பார்கள். ரிஸ்க்கைப் பற்றிப் பேசுவது யார்? காலிஃபிளவரை வெந்நீரில் மஞ்சள்தூள் போட்டு ஒரு முக்கு முக்கிவிட்டால் சர்வ தோஷமும் நீங்கியது என்று நம்புகிறவர்கள். தள்ளுவண்டியில் பானிபூரித் தண்ணீரை இரண்டாம் முறை கேட்டு வாங்கிக் குடிக்கிறவர்கள். அந்த நான்கு நியூயார்க்காரர்களைப் பானிபூரிக் கடை வாசலில் நிறுத்தி இவர்களிடம் பேசவிட வேண்டும்.

சரி, கறி எவ்வளவுதான் வேக வேண்டும்? அமெரிக்க வேளாண் துறை 2011-இல் சொல்லிவிட்டது: கொத்தாத முழுத் துண்டு பன்றிக்கறிக்கு, உள்ளே நடுவில் 63 டிகிரி செல்சியஸ், எடுத்த பிறகு மூன்று நிமிடம் ஆறவிடுவது. அதுவரை அவர்களும் 71 என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அந்த நாட்டுக்காரர்கள் பயந்து நடுங்கிய ட்ரிக்கினெல்லா புழு 58 டிகிரியை ஒட்டியே செத்துவிடும். 63-இல் எடுத்த துண்டின் நடுவே லேசான ரோஸ் இருக்கலாம். அது ரத்தமும் அல்ல, புழுவும் அல்ல. தசையிலுள்ள மையோகுளோபின் என்ற நிறமி. நிறத்தைப் பார்த்து வெப்பநிலை சொல்ல யாராலும் முடியாது, பெரியப்பாவாலும் முடியாது. அதற்கு ஒரு குத்தும் தெர்மாமீட்டர் போதும். ஐம்பதாயிரத்துக்கு ஓவன் வாங்குகிறவர்கள், சில நூறு ரூபாய்க்கு இதை வாங்கச் சொன்னால் மட்டும் "பாத்தாலே தெரியுமே" என்கிறார்கள்.

இன்னொரு வியாதி, எல்லாக் கறியையும் குழம்புக் கறியாக நினைப்பது. குடகுக்காரர்கள் பன்றிக்கறியைக் கச்சம்புளி ஊற்றி நெடுநேரம் வேகவைக்கிறார்கள். சரிதான், ஏனென்றால் அவர்கள் போடுவது தோலும் கொழுப்புமான துண்டு, வேகவேக இளகும். சாப் என்பது முதுகுப் பக்கத்துக் கறி. அதிகம் உழைக்காத தசை, அதனால் முதலிலேயே மிருது, கொழுப்பும் குறைவு. அதிலும் இன்றைய பண்ணைப் பன்றி மெலிந்த பன்றி. 1987-இல் அமெரிக்கப் பன்றி வியாபாரிகள் இதை 'இன்னொரு வெள்ளைக் கறி' என்று கோழிக்குப் போட்டியாக விளம்பரப்படுத்திய கதை ஊரறிந்தது. இந்தத் துண்டை ஐந்து விசில் விட்டால் இளக அதில் ஒன்றுமில்லை. இருக்கிற சாற்றையும் பிழிந்து வெளியே தள்ளிவிட்டுச் சுருங்கும்.

உடனே சமையல் வீடியோ மேதைகள் வருவார்கள்: கல்லில் போட்டு இரண்டு பக்கமும் சிவக்க வறுத்தால் சாறு உள்ளேயே 'லாக்' ஆகிவிடுமாம். 19-ஆம் நூற்றாண்டில் யுஸ்டுஸ் ஃபான் லீபிக் என்ற ஜெர்மன் வேதியியலாளர் பரப்பிய கதை இது. லாக் ஆகிவிட்டது என்றால், கறியைப் போட்டதிலிருந்து எடுக்கும்வரை கல்லில் 'சுர்ர்' என்ற சத்தம் ஏன் ஓயவே இல்லை? வெளியே ஓடிவரும் சாறுதான் கொதிக்கிறது. வறுப்பது ருசிக்காக, வாசனைக்காக. அதை மட்டும் சொல்லிவிட்டுப் போகலாமே.

கறிக்கடையில் இன்னொரு போராட்டம். "ஒண்ணேகால் இஞ்ச் கனம், எலும்போட வேணும்ணே" என்று கேட்டால், "அவ்ளோ தடியாவா? வேகாதே சார்!" என்று சொல்லிக்கொண்டே கத்தியை ஓங்கிவிடுகிறார். அரை இஞ்சுத் துண்டு ஓவனுக்குள் போனால் வெளிப்பக்கம் சிவப்பதற்குள் உள்ளே கதை முடிந்துவிடும். அவருக்கு முன்னால் நின்று கைகாட்டி வெட்டவைப்பதைத் தவிர வழியில்லை.

இத்தனைக்கும் ஆபீஸ் விட்டு வந்து ராத்திரிச் சாப்பாட்டுக்குச் செய்ய இதைவிடச் சுலபமான கறி கிடையாது. வந்ததும் உப்பு, மிளகு, நசுக்கிய பூண்டு தடவி அரை மணி நேரம் வையுங்கள். குளித்துவிட்டு வந்து ஈரத்தைத் துடைத்து, எண்ணெய் பூசி, 200 டிகிரியில் சூடேறிய ஓவனுக்குள் தள்ளுங்கள். பன்னிரண்டாம் நிமிடத்திலிருந்து எலும்பில் படாமல் தெர்மாமீட்டரைக் குத்திப் பாருங்கள். 63 வந்ததும் எடுத்து மூடிவைத்தால், ரசத்தைத் தாளிப்பதற்குள் ஆறியிருக்கும்.

பன்றிக்கறியில் பயப்பட வேண்டிய இடமே இல்லையா? இருக்கிறது. கொத்திய கறி. வெளியே இருந்த கிருமி அரைக்கும்போது உள்ளே வரை கலந்துவிடும் என்பதால் அதற்கு 71 டிகிரிக்குக் குறையவே கூடாது. ஆனால் ஓட்டல் பஃபேயில் வெதுவெதுப்பாக வைத்திருக்கும் போர்க் சாசேஜை நம் ஆட்கள் நாலைந்தாக அள்ளிக்கொண்டு போவதைப் பார்த்திருக்கிறேன். ஒருவர்கூட அதை நடுவில் கீறிப் பார்த்ததில்லை.