உயரமே பாதுகாப்பு!

வானில் 'விர்ர்' என்று சத்தம் கேட்டதும் மொட்டை மாடிக்கு ஓடுவீர்கள், இல்லையா? எனக்கும் அந்த ஆசை இன்னும் போகவில்லை. ஆனால், சிறு விமானம் வீடுகளுக்கு மேல் தாழப் பறந்தால், கைதட்டாதீர்கள் என்பேன்.

ஏன் தெரியுமா? 2010 மார்ச் 3-ஆம் தேதி, ஹைதராபாத் விமானக் கண்காட்சியில் சாகசம் செய்த கடற்படையின் சிறு ஜெட் விமானம் ஒன்று, போவன்பள்ளியில் ஒரு வீட்டின் மேல் விழுந்தது. விமானிகள் இருவரும் இறந்தனர். கீழே இருந்த சிலர் காயமடைந்தனர்.

வீடுகள் நெருங்கிய ஊருக்கு மேல் பறக்கும் விமானம், சுற்றிலும் 600 மீட்டருக்குள் உள்ள மிக உயரமான கட்டடத்தைவிட 1,000 அடியாவது மேலே பறக்க வேண்டும் என்பது விதி. மயிலாப்பூர் கபாலி கோயில் கோபுரம் சுமார் 120 அடி. அதன் தலையில் இன்னும் எட்டு கோபுரங்களை அடுக்கிப் பாருங்கள். கிட்டத்தட்ட அவ்வளவு உயரம்!

மீனம்பாக்கத்தில் ஏறி இறங்கும் விமானங்கள் தாழத்தான் வரும், அது தவறல்ல. மற்ற நேரத்தில் எஞ்சின் நின்றுபோனால், வெட்டவெளி தேடி இறங்க விமானிக்கு அவகாசம் வேண்டும். அதைத் தருவது உயரம்தான். தி.நகரில் வெட்டவெளிக்கு எங்கே போவது?

சாகசம் கடலுக்கு மேல் நடக்கட்டும். நம் கூரைகளுக்கு மேல் வேண்டாம்!