செத்தாலும் ஆயிரம் பொன்

போன வாரம் ஊருக்குப் போயிருந்தேன். தோப்புல ஏழு தென்னை காலி. தஞ்சாவூர் வாடல் நோய். (1952 புயலுக்கு அப்புறம் தஞ்சை மாவட்டத்துல தென்பட்டதால இந்தப் பேரு.) அப்பா மொத்தத்தையும் செங்கல் சூளைக்குத் தள்ளிவிடப் பார்த்தார். எனக்கு மனசு கேக்கலை.

கானோடெர்மா பூஞ்சை தாக்குறது வேரையும் அடிமரத்தையும்தான். அதைத் தோண்டி எடுத்து எரிச்சே ஆகணும், இல்லேன்னா பக்கத்து மரத்துக்கும் பரவும். ஆனா மேல இருக்கற தண்டு? நடுவுலதான் மெத்துனு இருக்கும்; வெளிப்பக்கம் நல்ல வைரம். அறுத்தா கைமரம், தூண், பெஞ்சு, ஏன், கரண்டிகூடச் செய்யலாம். வாய்க்கால் மேல கிடந்த தென்னம்பாலத்துல நடந்துதானே நான் பள்ளிக்கூடம் போனேன்!

"அறுப்புக்கூலி யாருடா கொடுப்பா?"ன்னார் அப்பா. நியாயமான கேள்விதான். ரெண்டு மரத்தை மட்டும் என் செலவுல அறுக்கச் சொல்லியிருக்கேன். என்னைப் படிக்க வெச்ச மரமாச்சே, மொத்தமா சாம்பலாப் போக விடலாமா?