வௌவாலுக்குக் கைதட்டல், வாழிடத்துக்கு வெடிமருந்து

அரிய காட்சியைக் காண ஆழ்கடல் தாண்டியும் செல்வது மனித இயல்பு. கண்டு மகிழ்ந்த உயிரின் வாழிடம் அழியும்போது வாய்மூடி இருப்பது எவ்வகைப் பண்பு? முலு மலைக்குச் சென்று திரும்பும் மலேசியரை நோக்கி எழுப்ப வேண்டிய வினா இது.

சரவாக் மாநிலத்து முலு தேசியப் பூங்கா 1985ஆம் ஆண்டு பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. 2000ஆம் ஆண்டு யுனெஸ்கோவின் உலக மரபுடைமைப் பட்டியலில் இடம்பெற்றது. அங்குள்ள மான் குகையில் இருபது முதல் முப்பது இலட்சம் வௌவால்கள் உறைவதாகக் கணித்துள்ளனர். மழையற்ற மாலையில், கதிரவன் சாயும் வேளையில், குகைவாயினின்று கரும்புகை எனக் கிளம்புகிறது அக்கூட்டம். வளையமாய்ச் சுழன்று, நாடாவாய் நீண்டு, காட்டின்மீது நெளிந்து செல்கிறது. வல்லூறு பாய்ந்தால் வரிசை சிதறி மீண்டும் கூடுகிறது. இரவெல்லாம் பூச்சிகளை வேட்டையாடி, விடியுமுன் குகைக்குத் திரும்புகிறது.

இதனைக் காண விரும்புவோர் மீரியிலிருந்து சிறு விமானத்தில் பறந்து, மூன்று கிலோமீட்டர் காட்டுவழி நடந்து, திறந்தவெளி இருக்கைகளில் காத்திருக்கின்றனர். கண்டதும் கைதட்டி ஆர்ப்பரிப்பாரும் உண்டு. அதில் குற்றம் ஏதுமில்லை. குற்றம், வீடு திரும்பிய பின்னர்த் தொடங்குகிறது.

வௌவால் முலுவில் மட்டுமா வாழ்கிறது? தைப்பூசத்தன்று இலட்சக்கணக்கான தமிழர் படியேறும் பத்துமலையிலும் வாழ்கிறது. அப்படிவரிசையின் ஓரத்திலேயே இருட்குகை இருப்பதை எத்தனை பேர் எண்ணிப் பார்க்கின்றனர்? பத்துமலையில் உறையும் தேனுண்ணும் வௌவால்கள் இரவில் நெடுந்தொலைவு பறந்து மலர்தோறும் தேன் பருகுவதை ஆய்வாளர்கள் 1970களிலேயே எழுதி வைத்தனர். டுரியான் மலர் அந்தியில் விரிந்து இரவில் தேன் சுரப்பது. அதன் மகரந்தத்தை மரம் விட்டு மரம் சேர்ப்பதில் அவ்வௌவாலுக்குப் பெரும்பங்கு உண்டு. டுரியானைச் சுவைத்து உண்போர், அதற்கு உழைத்த உயிரை மறப்பது நன்றியாகுமா?

பத்துமலையில் கல்லுடைப்பு 1980களில்தான் நின்றது. ஈப்போவைச் சூழ்ந்த கிந்தாப் பள்ளத்தாக்கிலோ, சிமெண்டுக்கும் சலவைக்கல்லுக்குமாகச் சுண்ணாம்புக் குன்றுகள் இன்றும் வெடிவைத்துத் தகர்க்கப்படுகின்றன. குன்றோடு குகை போகிறது. குகையோடு குடியிருப்பும் போகிறது. முலுவில் ஆர்ப்பரித்த கைகள் இங்கே ஒரு விண்ணப்பம் எழுதவும் எழுவதில்லை.

"வௌவால் நோய் பரப்புமே!" என்பர் சிலர். 1998, 1999ஆம் ஆண்டுகளில் நிப்பா நோய் மலேசியாவில் நூற்றுக்கு மேற்பட்டோரின் உயிரைப் பறித்தது உண்மை. ஆனால், அந்நோய் குகைக் கூட்டத்திலிருந்து வந்ததன்று. பன்றிக் கொட்டகைகளை ஒட்டிப் பழமரம் வளர்த்தனர். மரங்களில் தங்கும் பழந்தின்னி வௌவால்கள் கடித்த கனிகள் கொட்டகையில் வீழ்ந்தன. அங்கிருந்தே நோய் பரவியது என்பது ஆய்வாளர் கருத்து. மனிதன் தொழிலை அமைத்த முறையில் நேர்ந்த பிழைக்குக் குகையைத் தண்டிப்பது எந்த நீதி?

"வீடு கட்டச் சிமெண்டு வேண்டாமா?" என்பர் வேறு சிலர். வேண்டும். எல்லாக் குன்றையும் விட்டுவிடுமாறு எவரும் கேட்கவில்லை. வௌவால் உறையும் குன்று எது, உறையாத குன்று எது என ஆய்ந்தறிந்த பின்னரே உரிமம் வழங்கப்பட வேண்டும் என்பதே கோரிக்கை. வெட்டிய மரம் துளிர்க்கலாம். உடைத்த மலை வளர்வதில்லை. வௌவாலும் பெரும்பாலும் ஓர் ஈற்றுக்கு ஒரு குட்டியே ஈனும் உயிர். சிதைந்த கூட்டம் எளிதில் பெருகாது.

வௌவால் வீட்டுக்கு விருந்து போனால் தலைகீழாகத்தான் தொங்க வேண்டும் என்பது பழமொழி. விருந்தினர் தலைகீழாகத் தொங்க வேண்டாம். விருந்தளித்தோரின் வீட்டை இடிக்க விடாதிருந்தால் போதும். மலேசியாவில் நிலம் மாநில அரசுகளின் அதிகாரத்திற்கு உட்பட்டது. ஆகவே மாநிலச் சட்டமன்ற உறுப்பினரிடம் ஒவ்வொரு வாக்காளரும் கேட்கலாம்: இத்தொகுதியின் குன்றுகளில் எவையெவை காக்கப்படும்? முலு சென்று வந்தோர் அக்கேள்வியை முதலில் எழுப்பட்டும். அதன்பின் அவர்களின் கைதட்டலுக்குப் பொருள் உண்டு.