ஒரே ஊர்! இரண்டு ஒப்பந்தம்!

54 முறை மட்டையை ஏந்தி ஆடுகளத்திலே நின்றார். 54 முறையும் ஒன்றும் ஆகாமல், தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு திரும்பினார். அவருக்கு ஆண்டு ஊதியம் எவ்வளவு என்று நினைக்கிறீர்கள்? 2 கோடியே 30 இலட்சம் டாலர்!

கட்டுக்கதையல்ல, கற்பனையுமல்ல. அமெரிக்காவிலே, பால்டிமோர் நகரத்து அணியிலே, 2018 செப்டம்பரில் தொடங்கி 2019 ஏப்ரல் வரையிலே நடந்தது. ஆட்டம் பேஸ்பால். அணி ஓரியோல்ஸ். ஆட்டக்காரர் கிறிஸ் டேவிஸ்.

நமக்குப் பழக்கமில்லாத ஆட்டம்தான். ஆனாலும் புரியாத ஆட்டமல்ல. ஒருவர் பந்தை எறிவார். மட்டையோடு நிற்பவர் அதை அடித்துவிட்டு ஓடித் தளம் சேரவேண்டும். பந்து வேலியைத் தாண்டிப் பறந்தால் ஹோம்ரன். அரங்கமே எழுந்து ஆடும். மட்டைக்குத் தப்பிய பந்துக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் என்ன தெரியுமோ? ஸ்டிரைக்! மூன்று ஸ்டிரைக் ஆனால், வெளியே போ! ஆலையிலே ஸ்டிரைக் என்றாலும் வெளியே போ என்றுதான் முதலாளி சொல்வார். சொல் ஒன்று, பொருள் இரண்டு. இந்த வரலாற்றிலே இரண்டு பொருளும் வரும், பொறுத்துக் கேளுங்கள்.

இந்த டேவிஸ் சாமானியரல்லர். 2013ஆம் ஆண்டில் 53 ஹோம்ரன் அடித்தவர். 2015ஆம் ஆண்டில் 47. இரண்டு ஆண்டிலும் நாட்டிலேயே முதலிடம். நொறுக்கித் தள்ளுகிறவர் என்று பொருள்படப் பட்டப்பெயர் சூட்டி, ஊரே அவரைக் கொண்டாடிற்று. 2016 ஜனவரியிலே ஓரியோல்ஸ் முதலாளி ஒப்பந்தம் நீட்டினார். 7 ஆண்டுகள், 16 கோடியே 10 இலட்சம் டாலர். அந்த அணியின் வரலாற்றிலே அதுவரை எவருக்கும் தரப்படாத தொகை!

பிறகு? ஏறியது இறங்கிற்று. அவர் எந்தப் பக்கம் அடிப்பார் என்று கணக்கிட்டு, எதிரணியினர் அந்தப் பக்கமே ஆட்களைக் குவித்தனர். கண்ணும் கையும் முன்போல் இசையவில்லை. 2018ஆம் ஆண்டில் அவர் அடிக்க நின்றது 470 முறை. அடித்துத் தளம் சேர்ந்தது 79 முறை மட்டுமே. ஆயிரத்துக்கு 168 என்பது அவர்கள் கணக்கு. முழுப் பருவம் ஆடியவர்களிலே அதைவிடத் தாழ்ந்த கணக்கு எவர் பெயரிலும் ஏறியதில்லை! 192 முறை மூன்று ஸ்டிரைக் வாங்கி வெளியேறினார். ஊதியத்தை அடிகளால் வகுத்துப் பார்த்தேன். ஒரு நல்ல அடிக்கு ஏறத்தாழ 2 இலட்சத்து 90 ஆயிரம் டாலர் விழுகிறது. அந்த ஆண்டு 162 ஆட்டங்களிலே அணி தோற்றது 115.

இப்போது அந்த ஊர் ரசிகனைக் கண்முன் நிறுத்திப் பாருங்கள். கிடங்கிலே மூட்டை தூக்கியவன். அல்லது லாரி ஓட்டியவன். பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு, சீட்டுக்குப் பணம், வண்டி நிறுத்தப் பணம், வேர்க்கடலைக்குப் பணம் என்று கொட்டிக் கொடுத்துவிட்டு, மேல்தட்டிலே வந்து உட்காருகிறான். கேம்டன் யார்ட்ஸ் என்ற அந்த அரங்கம் 1992ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. கட்டியது மேரிலாந்து மாநில அமைப்பு. அதற்கு வந்தது லாட்டரிச் சீட்டுப் பணம். லாட்டரிச் சீட்டை வாங்குகிறவன் யார்? மாளிகைவாசியா? மாடியிலே மெத்தை போட்டுப் படுப்பவனா? இந்த மூட்டை தூக்குகிறவன்தானே!

2019 ஏப்ரல் 8ஆம் நாள். 45 ஆயிரம் பேர் அமரக்கூடிய அரங்கிலே 7 ஆயிரம் பேர்கூட இல்லை. அன்றுதான் டேவிஸ் தொடர்ந்து 47ஆவது முறையாகத் தவறி, பந்தெறிபவர் அல்லாத ஆட்டக்காரர்களிலே எவருக்கும் நேராத அவப்பெயரை அடைந்தார். அந்த நாட்களிலே அவர் மட்டையோடு வந்தபோதெல்லாம் ‘ஊ’ என்ற கூச்சல் எழுந்தது. “ஒப்பந்தத்தைக் கிழித்தெறி! கொடுத்த பணத்தைப் பிடுங்கு!” என்பது ரசிகனின் கோபம்.

கோபம் நியாயமா? நியாயந்தான்! கூலி கொடுத்தவன் கேட்பான். கொத்தனார் சுவரைக் கோணலாக எழுப்பினால் வீட்டுக்காரன் கேட்கமாட்டானா? கேட்கட்டும், கூவட்டும், தவறில்லை. ஆனால், தோழர்களே, “ஒப்பந்தத்தைக் கிழி” என்ற சொல் காதிலே விழுந்ததும் நான் சற்று நிற்கிறேன். நீங்களும் நில்லுங்கள். தொழிலாளி வாயிலிருந்து வரத்தகாத சொல் அது. ஏன் என்கிறேன், கேளுங்கள்.

ஒரு காலம் இருந்தது. பேஸ்பால் ஆட்டக்காரன் ஒரு முறை கையெழுத்திட்டால், ஆயுள் முழுவதும் அந்த முதலாளிக்கே சொந்தம். முதலாளி அவனை விற்கலாம், மாற்றலாம், துரத்தலாம். அவனாக வேறிடம் போக வழியில்லை. கொத்தடிமைக்கு வேறு இலக்கணம் உண்டோ? 1969ஆம் ஆண்டில் கர்ட் ஃபிளட் என்ற கறுப்பின ஆட்டக்காரரை, 12 ஆண்டு உழைத்த செயின்ட் லூயி அணியிலிருந்து பிலடெல்பியா அணிக்கு மாற்றினார்கள். “நான் சரக்கல்ல, மனிதன்” என்ற உணர்வோடு மறுத்தார் அவர். வழக்காடினார். 1972ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. ஆட்ட வாழ்வு அழிந்தது. ஆனால் அவர் மூட்டிய தீ அணையவில்லை.

ஆட்டக்காரர் சங்கத்துக்கு 1966ஆம் ஆண்டிலே தலைமை ஏற்க வந்தார் மார்வின் மில்லர். எங்கிருந்து வந்தார்? பந்தாட்டத்திலிருந்தல்ல, எஃகுத் தொழிலாளர் சங்கத்திலிருந்து வந்தார்! உலைக்களத்து ஊழியனுக்காகக் கணக்கெழுதிய கை, பந்தாட்டக்காரனுக்காகவும் எழுதிற்று. அவர் வந்தபோது குறைந்த ஊதியம் ஆண்டுக்கு 6 ஆயிரம் டாலர். பேசினார்கள், போராடினார்கள், 1972இல் ஆடமாட்டோம் என்று வேலைநிறுத்தமும் செய்தார்கள். 1975 டிசம்பரில் நடுவர் தீர்ப்பு வந்தது; அடிமை முறி அறுந்தது. “ஆட்டம் தளர்ந்தாலும் ஒப்புக்கொண்ட ஊதியத்தைக் கொடுத்தே தீரவேண்டும்” என்ற உறுதி அந்தப் போராட்டங்களின் பிள்ளை. டேவிஸின் கையிலிருந்த தாள், முதலாளி போட்ட பிச்சையல்ல. சங்கம் பெற்ற வெற்றி.

இப்போது அரங்கத்தை விட்டு வாருங்கள். அதே ஊரின் துறைமுகத்துப் பக்கம் போவோம்.

ஸ்பாரோஸ் பாயிண்ட். பெத்லகேம் எஃகுக் கம்பெனியின் ஆலை இருந்த இடம். 1950களின் இறுதியிலே 30 ஆயிரம் பேருக்கு மேல் அங்கே உழைத்தார்கள். உலகிலேயே பெரிய எஃகாலை என்ற பெயர் பெற்றது. உலை வெப்பத்திலே உடல் கருகி, கரித்தூள் கலந்த காற்றைக் குடித்து, வார இறுதியிலே அப்பன் பிள்ளையை ஓரியோல்ஸ் ஆட்டத்துக்கு அழைத்துப்போன ஊர் அது. அவர்களுக்கும் ஒப்பந்தம் இருந்தது. அவர்களுக்கும் சங்கம் இருந்தது. மார்வின் மில்லரைத் தந்த அதே சங்கம்! ஓய்வுக்குப் பிறகு ஓய்வூதியம் உண்டு, நோய்க்கு மருத்துவக் காப்பு உண்டு என்று எழுதிக் கையெழுத்திட்டிருந்தார்கள்.

2001ஆம் ஆண்டில் பெத்லகேம் கம்பெனி நீதிமன்றத்திலே மஞ்சள் கடுதாசி கொடுத்தது. 2003ஆம் ஆண்டில், ஓய்வுபெற்றவரும் அவர்தம் குடும்பத்தாருமாக ஏறத்தாழ 95 ஆயிரம் பேரின் மருத்துவக் காப்பு, நீதிமன்றத்தின் இசைவோடு நீக்கப்பட்டது. ஆயுளெல்லாம் உழைத்த கிழவன், மருந்துச் சீட்டைக் கையிலே வைத்துக்கொண்டு மலைத்து நின்றான். 2012ஆம் ஆண்டில் உலையும் அணைந்தது.

ஒரே ஊர்! இரண்டு ஒப்பந்தம்! ஒன்று 2016இலே எழுதப்பட்டது; அதிலே ஒத்திவைக்கப்பட்ட 4 கோடியே 20 இலட்சம் டாலர், 2037ஆம் ஆண்டு வரையிலே தவணை தவறாமல் போய்ச் சேரும். மட்டையைத் தொடாமலே சேரும்! மற்றொன்று, முப்பது நாற்பது ஆண்டு வியர்வைக்கு ஈடாக எழுதப்பட்டது. அது குப்பைத் தொட்டிக்குப் போயிற்று.

ரசிகனின் நெஞ்சிலே எரிகிற தீ இதுதான், தோழர்களே! 54 முறை தவறிய டேவிஸை மட்டும் பார்த்து அவன் கூவவில்லை. “ஒரு முறைகூடத் தவறாத என் அப்பனுக்குக் கொடுத்த வாக்கு என்னாயிற்று?” என்றும் கேட்கிறான். கேள்வி சரி, கேட்கும் இடந்தான் தவறு.

முதலாளியைக் கேட்கலாமே என்பீர்கள். அங்கேயும் ஒரு விந்தை! அணியின் அப்போதைய முதலாளி பீட்டர் ஏஞ்சலோஸ், ஆஸ்பெஸ்டாஸ் நஞ்சு நுரையீரலைத் தின்ற எஃகு, கப்பல் தொழிலாளர்களுக்காக வழக்காடி நட்டஈடு வாங்கித் தந்த வழக்கறிஞர். 1995ஆம் ஆண்டில், வேலைநிறுத்தம் செய்த ஆட்டக்காரர்களுக்குப் பதிலாகக் கருங்காலிகளை இறக்கலாம் என்று மற்ற முதலாளிகள் கிளம்பியபோது, முடியாது என்று மறுத்தவர். பாராட்டுகிறோம்! ஆனால் கணக்கையும் பார்ப்போம். 1993ஆம் ஆண்டில் அவர் தலைமையிலே அணியை வாங்கிய விலை 17 கோடியே 30 இலட்சம் டாலர். 2024ஆம் ஆண்டில் அவர் குடும்பம் விற்ற விலை 172 கோடியே 50 இலட்சம். பத்து மடங்கு! அந்த விலையிலே டேவிஸின் ஊதியம் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. அவரைப் பார்த்து ‘ஊ’ என்றவர்கள், இந்தப் பத்து மடங்கைப் பார்த்து என்ன சொன்னார்கள்? மனிதர் நல்லவராக இருக்கலாம். முறை நல்லதாக இருக்கவேண்டாமா?

முறையின் அழகைப் பாருங்கள். 2023ஆம் ஆண்டில் அதே ஓரியோல்ஸ் 101 ஆட்டங்கள் வென்றது. அந்த ஆண்டின் சிறந்த புதுமுகம் எனப் பரிசு பெற்ற கன்னர் ஹெண்டர்சன் போன்ற இளைஞர்கள் தோள்கொடுத்த வெற்றி. புதியவருக்கு அப்போது குறைந்த ஊதியம் 7 இலட்சத்து 20 ஆயிரம் டாலர். 2021இலேயே ஓய்வுபெற்றுவிட்ட டேவிஸுக்கு அந்த ஆண்டு போன தவணை, அதைப்போலப் பல மடங்கு! முதல் சில ஆண்டுகள் அடிமாட்டு விலை. ஆறு ஆண்டு முடிந்தால்தான் சந்தைக்குப் போகலாம். உடம்பிலே வலுவிருக்கும்போது கொடுப்பதில்லை. வலு போகும்போது கொட்டிக் கொடுக்கிறார்கள். பிறகு, “ஐயோ, ஏமாந்தோம்” என்று புலம்புகிறார்கள்!

இதற்கும் கீழே ஒரு தட்டு உண்டு. சிறிய ஊர்களிலே ஆடிப் பழகும் இளைஞர்கள், அணிகளின் நாற்றங்கால். டேவிஸ் தாழ்ந்த அதே 2018ஆம் ஆண்டில், இந்த இளைஞர்களுக்குக் குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தின் முழுப் பாதுகாப்பு கிடையாது என்று அமெரிக்க நாடாளுமன்றம் சட்டம் செய்தது. அதற்கு அவர்கள் வைத்த பெயர், நாட்டின் ஆட்டத்தைக் காக்கும் சட்டம்! யாரைக் காத்தது? இளைஞர்கள் சளைக்கவில்லை. 2022இலே சங்கத்திலே சேர்ந்தார்கள். 2023இலே முதல் ஒப்பந்தம் கண்டார்கள். ஒரு பிரிவிலே ஆண்டுக்கு 11 ஆயிரம் டாலராக இருந்தது 26 ஆயிரத்து 200 ஆயிற்று. டேவிஸிடமிருந்து பிடுங்கியா பெற்றார்கள்? இல்லை, முதலாளிகளிடம் கேட்டுப் பெற்றார்கள்!

டேவிஸுக்காக நான் வக்காலத்து வாங்கவில்லை. ஆடியது மோசம், அதை மறைப்பானேன்? ஆனால் கூச்சலுக்கு நடுவே நாள்தோறும் வந்து நின்றார், ஒளியவில்லை. 2019 ஏப்ரல் 13ஆம் நாள், பாஸ்டன் நகரிலே 55ஆவது முறை பந்து மட்டையிலே பட்டு ஓடிற்று; அயலூர்க்காரனே கைதட்டினான். அந்த ஆண்டிலேயே பால்டிமோர் குழந்தைகள் மருத்துவமனைக்கு 30 இலட்சம் டாலர் கொடுத்தார் அவர். நல்ல செயல்! ஆனால் மருத்துவம், கொடையாளியின் மனத்தை நம்பியா இருப்பது? எழுதிக் கொடுத்த உரிமையை நம்பியல்லவா இருக்கவேண்டும்!

ஆகவே, பால்டிமோர் தோழனே! கூவு, தாராளமாகக் கூவு. மூன்று ஸ்டிரைக் விழுந்தால் “வெளியே போ” என்று சொல். அது ஆட்டத்தின் நீதி. ஆனால் ஒப்பந்தத்தைக் கிழி என்று மட்டும் சொல்லாதே. ஒருவன் தாளைக் கிழிக்கப் பழகிய கை, நாளை உன் தாளைத் தேடிவரும். உன் அப்பன் தாளை முன்னமே கிழித்தாயிற்று. “அவனுக்குக் கொடுத்த வாக்கை 2037 வரை காப்பாற்றுகிறீர்களே, எங்களுக்குக் கொடுத்த வாக்கையும் காப்பாற்றுங்கள்” என்று கேள். ஒருவனாகக் கேட்காதே; சங்கமாகக் கேள்.

அவன் தாளைக் கிழித்தால் உன் வயிறு நிறையாது. உன் தாளுக்கும் அதே வலிமை வரவேண்டும். அதற்காக உரத்துக் கூவு!