பார்த்துச் செய்வது பாவமா?

சென்ற மாதம் எங்கள் விடுதி அறையில் ஒரு வழக்கு நடந்தது. வழக்குத் தொடுத்தவன் என் அறைத்தோழன். குற்றவாளி நான். சான்றுப் பொருளாக மேசைமேல் இருந்தது நான் செய்து முடித்திருந்த வால்வு ஆம்ப்ளிபயர். கித்தாருக்கென்று கட்டியது அது.

"இதில் உன்னுடையது என்ன இருக்கிறது? அமெரிக்காவில் யாரோ என்றோ போட்ட படம். அதைப் பார்த்து அப்படியே ஒட்டியிருக்கிறாய். இதற்காகவா இத்தனை இரவுகள் கண் விழித்தாய்?" என்று கேட்டான்.

அன்று நான் விடை கூறவில்லை. கூறத் தெரியவில்லை என்பதே உண்மை. சிந்தித்துப் பார்த்தபின் இப்போது கூறுகிறேன். அவன் ஒருவனுக்காக மட்டும் அன்று. அவனைப்போல் எண்ணுகின்ற எல்லா நண்பர்களுக்காகவும்.

என் சொந்த ஊர் சித்தூர். அங்கே ஜாத்திரை என்றாலும் கல்யாணம் என்றாலும் ஒரு காலத்தில் மைக் செட் இல்லாமல் நடவாது. அந்த மைக் செட்டுகளைப் பழுது பார்த்துவந்த முதியவர் ஒருவர் இருக்கிறார். என்னிடம் தமிழில் பேசுவார். அடுத்து வருபவரிடம் தெலுங்கில் பேசுவார். வால்வுகளின் பெயர்கள் மட்டும் இரு மொழியிலும் ஒன்றே. அவர் கடையின் பரண்மேல் கேட்பாரற்றுக் கிடந்த பழைய ஆம்ப்ளிபயர் ஒன்றைத்தான் நான் வாங்கிவந்தேன். அதிலிருந்த மின்மாற்றியும், 12ஏ.எக்ஸ்.7, 6வி6, 5ஒய்3 என்ற மூன்று வால்வுகளும் நல்ல நிலையில் இருந்தன.

இந்த மூன்றே வால்வுகளைக் கொண்டு 1950-களின் இறுதியில் பெண்டர் நிறுவனம் 'சாம்ப்' என்ற சிறிய ஆம்ப்ளிபயரைச் செய்துவந்தது. அதன் ஆற்றல் ஏறக்குறைய 5 வாட்தான். கித்தாரின் கம்பி அதிரும்போது பிறக்கும் மிகச் சிறிய மின்னலையை முதல் வால்வு இரண்டு படிகளில் பெருக்குகிறது. 6வி6 அதற்கு வலிமையூட்டி, வெளியீட்டு மின்மாற்றியின் வழியாக ஸ்பீக்கருக்குத் தருகிறது. 5ஒய்3 மாறுமின்னோட்டத்தை நேர்மின்னோட்டமாக்கித் தருகிறது. இவ்வளவே. ஒரு தாளில் வரைந்துவிடலாம். ஒரு மாலைப்பொழுதில் படித்தும் விடலாம்.

படத்தைப் பெரியவரிடம் காட்டினேன். ஒற்றை 6வி6-க்கு ஏற்ற வெளியீட்டு மின்மாற்றியை அவரே சுற்றிக் கொடுத்தார். கொடுக்கும்போது ஒன்று சொன்னார்: "தம்பி, முதல்ல படத்துல இருக்கிற மாதிரியே கட்டு. அது பாடட்டும். அப்புறம் உன் புத்தியைக் காட்டு."

நான் கேட்கவில்லை. படித்தவன் என்ற செருக்கு! உள்ளதை உள்ளபடியே கட்டுவது எனக்குச் சிறுமையாகத் தோன்றியது. திருப்பதிக்குத் திரும்பியதும் கட்டத் தொடங்கினேன்; கட்டும்போதே மூன்று மாற்றங்களைச் சேர்த்துவிட்டேன். முதல் வால்வின் கேதோடில் உள்ள 1,500 ஓம் தடைக்கு இணையாக ஒரு மின்தேக்கியைப் பூட்டினேன். படத்தில் இல்லாத ஒலிநயக் குமிழ் ஒன்றை வைத்தேன். உள்ளீட்டுக் கம்பியை வேறு வழியாக இழுத்தேன். சுவிட்சைப் போட்டதும் ஆம்ப்ளிபயர் ஊளையிட்டது. பக்கத்து அறைக்காரர்கள் எழுந்து வந்துவிட்டார்கள்.

குற்றம் எங்கே? ஒலிநயக் குமிழிலா? மின்தேக்கியிலா? கம்பியிலா? மூன்றையும் ஒன்றாகச் செய்தவனுக்கு எப்படித் தெரியும்? ஒவ்வொன்றாக ஐயுற்றேன், ஒவ்வொன்றாகக் கழற்றினேன். பதினோர் இரவுகள் கழிந்தன. கடைசியில் மூன்றையும் நீக்கிப் படத்தில் உள்ளபடியே நிறுத்தினேன். அப்போதும் ஊளை நிற்கவில்லை. ஆனால் அந்த ஊளைதான் வழி காட்டியது. என் மாற்றங்கள் காரணமல்ல என்று தெளிந்துவிட்டதால் தேடவேண்டிய இடம் சுருங்கியது. ஸ்பீக்கரிலிருந்து சிறிது ஒலியைப் பின்னோக்கி இரண்டாம் படிக்கு அனுப்பும் கம்பி ஒன்று இந்தச் சுற்றில் உண்டு. அது எதிர்த்திசையில் சென்றால் ஒலி அடங்கிச் சீராகும்; ஒரே திசையில் சென்றால் ஒலி தன்னைத்தானே வளர்த்துக்கொண்டு ஊளையாகிவிடும். புதிதாகச் சுற்றிய மின்மாற்றியில் எந்த முனை தொடக்கம், எந்த முனை முடிவு என்று நான் குறித்துக்கொள்ளவில்லை. இரண்டு கம்பிகளை இடம் மாற்றிப் பற்றவைத்தேன். ஊளை நின்றது. பெரியவர் சொன்னபடி முதலிலேயே கட்டியிருந்தால் ஒரு மணி நேரத்தில் முடிந்திருக்கும் வேலை!

அதன் பிறகே மாற்றங்களுக்கு வந்தேன். ஒரு நேரத்தில் ஒன்றுதான். மின்தேக்கியை மீண்டும் பூட்டினேன், பெருக்கம் கூடியது. பின்னோக்கி வரும் கம்பியை ஒரு சுவிட்சின் வழியாக விட்டேன். அதைத் துண்டித்தால் ஒலி சற்று முரடாகி முன்னே வந்து நிற்கிறது. கித்தார் பயிலும் நண்பர் வந்து வாசித்துப் பார்த்தார். வீணையில் கமகத்துக்குக் கம்பியை இழுப்பதுபோல் அவர் இழுத்தார். வால்வு தன் எல்லையை எட்டும்போது ஒலியின் உச்சி மழுங்குகிறது. உரத்த ஒலி அடங்க, மெல்லிய ஒலி நிமிர்கிறது. அதனால் இழுத்த சுரம் உடனே சாகாமல் நின்று ஒலித்தது. மேடைப் பேச்சுக்கு மைக் செட் வைப்பவர் இதைப் பழுது என்பார். கித்தார்க்காரர் அழகு என்பார். பழுது அழகாகும் இடம் எது என்பது கட்டியவனுக்குத்தான் தெரிகிறது.

இனி என் தோழனின் கேள்விக்கு வருவோம். பார்த்துச் செய்வது பாவமா?

பெண்டர் நிறுவனத்தைத் தோற்றுவித்த லியோ பெண்டர் ரேடியோ பழுது பார்த்தவர். அவருடைய தொடக்க காலச் சுற்றுகள் வால்வுக் கம்பெனிகளின் கையேடுகளில் இருந்த சுற்றுகளை ஒட்டியவையே. லண்டனின் ஹான்வெல் பகுதியில் டிரம் கடை வைத்திருந்த ஜிம் மார்ஷல், கென் பிரான், டட்லி கிராவன் ஆகியோரின் துணையுடன் 1962-ல் ஓர் ஆம்ப்ளிபயரைச் செய்தார். பெண்டரின் 'பாஸ்மேன்' என்ற ஆம்ப்ளிபயரைப் பார்த்துச் செய்தது அது. ஆனால் முதல் வால்வு இருந்த இடத்தில் பெருக்கம் மிகுந்த இ.சி.சி.83 வந்தது. நான்கு 10 அங்குல ஸ்பீக்கர்களுக்குப் பதிலாக மூடிய பெட்டியில் நான்கு 12 அங்குல ஸ்பீக்கர்கள் வந்தன. தம் ஊரில் கிடைத்ததைக் கொண்டு செய்தார்கள். கிடைத்ததே வேறு குரலாயிற்று. உலகமே அறிந்த 'மார்ஷல் ஒலி' இப்படிப் பிறந்ததுதான்.

அவ்வளவு தொலைவும் போகவேண்டாம். இதே ஆந்திர மண்ணில், பாலக்கொல்லில் 1969-ல் பிறந்தவர் மாண்டலின் ஸ்ரீநிவாஸ். மேல்நாட்டு மாண்டலினில் நான்கு இரட்டைக் கம்பிகள் உண்டு; அவற்றில் கமகம் எளிதில் வராது. அவர் மின்சார மாண்டலினை எடுத்து ஐந்து ஒற்றைக் கம்பிகளைப் பூட்டிக்கொண்டார். கருநாடக இசை அதில் தடையின்றி ஓடியது. சென்னைச் சபைகள் அவரைக் கொண்டாடின. மாண்டலினை அவர் கண்டுபிடிக்கவில்லை. ஆயினும் அந்த இசையை வேறொருவருடையது என்று யார் சொல்வார்?

வால்வு உயர்ந்தது, டிரான்சிஸ்டர் தாழ்ந்தது என்று வாதாட நான் வரவில்லை. விலை குறைந்த சிறு கருவி ஒன்று இந்த ஒலியை ஏறக்குறைய அப்படியே தந்துவிடும். எடையும் குறைவு, சூடும் இல்லை. பெங்களூரில் பாரத் எலக்ட்ரானிக்ஸ் 1961-ல் ரேடியோ வால்வுகளைச் செய்யத் தொடங்கியது. அந்தக் காலமும் முடிந்துவிட்டது. மாணவனுக்கு வால்வுச் சுற்றால் உள்ள நன்மை ஒன்றே: ஒவ்வோர் உறுப்பையும் கண்ணால் காணலாம், கையால் கழற்றலாம், மாற்றினால் என்ன ஆகிறது என்று காதால் கேட்கலாம்.

இங்கே ஓர் எச்சரிக்கை. மின்சாரத்தைத் துண்டித்த பிறகும் இதன் மின்தேக்கிகளில் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கக்கூடும். அது உயிரைக் குடிக்க வல்லது. தடை ஒன்றின் வழியாக அதை வடித்து, மீட்டரால் அளந்து பார்த்த பின்பே கை வைக்கவேண்டும். அறிந்தவர் ஒருவர் அருகில் இல்லாமல் தொடங்கவே கூடாது.

உண்மையில் வெட்கப்படவேண்டிய நகல் வேறொன்று இருக்கிறது. ஆய்வுக்கூட ரெக்கார்டு நோட்டை ஓர் இரவில் ஐந்துபேர் சுற்றி அமர்ந்து எழுதுகிறோமே, அதுதான்! ஒருவர் எழுதிய அளவை, தாம் தொடாத கருவியின் அளவாக, நால்வர் எழுதுகிறார்கள். நானும் எழுதியிருக்கிறேன். அங்கே கண் நகல் எடுக்கிறது. கைக்கும் கருத்துக்கும் அதில் பங்கில்லை. அந்த நோட்டு ஒருநாளும் ஊளையிடுவதில்லை. ஆகவே நம் பிழையும் நமக்குத் தெரிவதில்லை.

சித்தூர்ப் பெரியவர் தாம் கற்றதைப் பழைய கல்யாணப் பத்திரிகைகளின் பின்பக்கத்தில் பென்சிலால் வரைந்து வைத்திருக்கிறார். அவருக்குப் பின் அதைப் படிப்பவர் யார்? இதைக் கருதியே நம் பேரவைக்கு ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். மாதம் ஒரு மாலை, ஏதேனும் ஒரு கருவியைத் திறப்போம். மிதிவண்டியாயினும் சரி, ரேடியோவாயினும் சரி. தெரிந்த தொழிலாளர் ஒருவரை அழைத்து ஆசிரியர் இருக்கையில் அமர்த்துவோம். படம் என்ன, மாற்றியது என்ன, விளைந்தது என்ன என்று ஒரு பக்கம் தமிழில் எழுதி இந்த இதழில் அச்சிடுவோம்.

முதல் மாலைக்கு என் ஆம்ப்ளிபயரைக் கொண்டுவருகிறேன். என் அறைத்தோழனும் வரவேண்டும். இரண்டு கம்பிகளை இடம் மாற்றிப் பற்றவைத்து வைக்கிறேன். ஊளையை அவன் நிறுத்தட்டும்.