பச்சை டிக் வந்தால் போதுமா?

அம்பத்தூரிலோ ஆவடியிலோ தனிக்குடித்தனம். கணவன், மனைவி இருவருக்கும் வேலை. ‘பிள்ளை இன்னும் தவழலையே, பேச்சு வரலையே’ என்று கேட்கப் பக்கத்தில் பெரியவர்கள் இல்லை. அப்போது கை போவது செல்போனுக்குத்தான். குழந்தை வளர்ச்சிக்கென்று ஏகப்பட்ட ஆப்கள். அதிக ஸ்டார் உள்ளதை டவுன்லோடு செய்துவிடுகிறார்கள்.

ஸ்டாரை வைத்துத் தரத்தைச் சொல்லிவிட முடியாது. ஹெல்த் ஆப்களை எடைபோட ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2015-ல் உருவாக்கிய ‘மார்ஸ்’ அளவுகோலில் 23 கேள்விகள். அழகுக்குத் தனி மார்க், தகவலுக்குத் தனி மார்க். பெற்றோர் பார்க்கவேண்டியது தகவலைத்தான். எப்படிப் பார்ப்பது?

குறைமாதமா என்று கேட்கிறதா? இரண்டு மாதம் முன்னதாகப் பிறந்த குழந்தையை, ஆறாவது மாதத்தில் நான்கு மாதக் குழந்தையாகத்தான் கணக்கிட வேண்டும். பிறந்த தேதியை மட்டும் கேட்கும் ஆப், வீணாகப் பயமுறுத்தும்.

பட்டியல் யாருடையது, எந்த வருடத்தது? அமெரிக்காவின் சிடிசி, 2022-ல் தன் பட்டியலைத் திருத்தியபோது தவழ்தலையே நீக்கிவிட்டது. தவழாமலே நடக்கும் குழந்தைகளும் உண்டு.

‘டாக்டரைப் பாருங்கள்’ என்கிறதா? இதுதான் மிக முக்கியம். ஒன்றரை வயதாகியும் ஒரு வார்த்தைகூட வராத குழந்தைக்கு, ‘கவலை வேண்டாம், தானாகப் பேசும்’ என்று ஆறுதல் சொல்லும் ஆப் ஆபத்தானது. காது கேட்கிறதா என்று பரிசோதிக்க வேண்டிய மாதங்கள் அந்த ஆறுதலிலேயே போய்விடும்.

என்னென்ன அனுமதி கேட்கிறது? வளர்ச்சியைக் குறித்துவைக்க கான்டாக்ட்ஸும் லொகேஷனும் எதற்கு? மறுத்துவிடுங்கள்.

போன் யார் கையில்? இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு ஸ்கிரீனே வேண்டாம், 2 முதல் 4 வயது வரை தினமும் ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஆப் பெற்றோருக்குத்தான்.

நல்ல பரிசோதனைக்கு அனிமேஷன் அவசியமில்லை. திருவனந்தபுரம் குழந்தை வளர்ச்சி மையம் உருவாக்கிய சார்ட்டில், இரண்டு வயது வரைக்கும் மொத்தமே 17 திறன்கள். குழந்தையின் வயதுக்கு நேராக ஒரு பென்சிலை வைத்துப் பார்த்தாலே தாமதம் தெரிந்துவிடும்.

சந்தேகம் வந்தால், அடுத்த நோட்டிஃபிகேஷன் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். அருகிலுள்ள அங்கன்வாடி அல்லது ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். 2013-ல் தொடங்கிய ராஷ்ட்ரிய பால் ஸ்வஸ்திய காரியக்ரம் திட்டத்தில், மருத்துவக் குழு வருடத்துக்கு இரண்டு முறை அங்கன்வாடிக்கு வந்து குழந்தைகளைப் பரிசோதிக்க வேண்டும். கட்டணம் கிடையாது. ‘அடுத்து எப்போது வருகிறார்கள்?’ என்று கேட்டு, தேதியைக் காலண்டரில் குறித்துக்கொள்ளுங்கள். பேச்சு வராதது போன்ற சந்தேகம் என்றால் அதுவரைகூடத் தள்ளிப்போடாமல் குழந்தைகள் நல மருத்துவரைப் பார்த்துவிடுங்கள்.